உம்மு மதினியின் சீவிய உருத்து

ஒரு வீட்டைக் கடையாக மாற்றுவதில் மேசனுக்கும் சீமெந்துக்கும் போவது சின்னச் செலவு. அனுமதி எடுப்பதற்குள்தான் ஆள் அரைவாசியாகிப் போவான். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, மரைக்கார். பள்ளிவாசல் பொறுப்பில் இருப்பவர், அதோடு என் மனைவி றாஹிலாவின் குடிக்குப் பெரியவர் என்பதால் உங்களுக்கு விளக்கமாகவே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை என் ஹோட்டலுக்கு வந்தீர்கள். வைத்த தேத்தண்ணீரைத் தொடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். மேசன் பக்கீர் ஹஜ்ஜுக்குப் போகுமுன் வீடு வீடாகப் போய்ப் பிழை பொறுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். றாஹிலாவிடமும் வந்து அழுதிருக்கிறான், ஏழு வருடத்துக்கு முன் எங்கள் கிணற்றைச் சுற்றியிருந்த கட்டுச் சுவரை உடைத்துவிட்டுக் கிணற்று வாயை மூடாமல் போனதற்காக. அனுமதி கைக்கு வருமுன்பே கட்டை உடைக்கச் சொன்னது ஏன் என்பதுதான் உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. என்னிடமும் நியாயமான பதில் இருக்கிறது.

எழுபத்தெட்டுச் சூறாவளி என் தறிக்கொட்டிலின் கூரையைக் கொண்டுபோனது. கூரையைத் திரும்பப் போட்டிருக்கலாம். ஆனால் வெளிநாட்டுத் துணி வந்து குவிந்த பிறகு கைத்தறிச் சாரனை யார் கேட்டார்கள்? எனக்கு மூன்று குமர். நம் ஊரில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் ஏது? என்னிடம் மிஞ்சியிருந்தது கல்முனைப் பிரதான வீதியில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, றாஹிலாவுக்குச் சீதனமாக வந்த வீடு மட்டும். அதை ஹோட்டலாக்கினால் மூன்று பிள்ளைகளும் கரை சேர்வார்கள். இல்லையென்றால் இல்லை.

பிளான் கீறிய ஆலையடிவேம்பு அழகரெத்தினம் செலவுகளை ஒரு தாளில் எழுதித் தந்தார். நில அளவைப் படம், பிளான், விண்ணப்பக் கட்டணம், மலகூடத்துக்குப் பக்கத்திலிருந்த கிணற்றை மூடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை இருந்தது. கடைசி வரிக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை. ‘சீவிய உருத்துக்காரியின் சம்மதம்’ என்று எழுதியிருந்தார்.

வீடு றாஹிலாவின் பெயரில்தான் இருந்தது. ஆனால் சாகும்வரை அதில் இருக்கும் உரிமையை என் மாமி தன் மூத்த மகள் உம்முவுக்கு எழுதிவைத்திருந்தார். உம்மு மதினிக்குச் சின்ன வயதிலேயே அம்மை வந்து கண்ணிரண்டும் போய்விட்டன. கல்யாணமும் ஆகவில்லை. அவர் சம்மதிக்காமல் வீடு கடையாகாது.

“இதுக்கு நான் என்ன தொகை போடுற? அது உங்கட குடும்பக் கதை” என்றார் அழகரெத்தினம்.

நான் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. நிந்தவூரில் சொந்தக்காரர் வளவில் தனி அறை கட்டித் தருகிறேன் என்றேன். வேலைக்கு ஒரு பெண்ணை வைக்கிறேன் என்றேன். மதினி கோபக்காரி அல்ல. ஒவ்வொரு தடவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே பதிலைச் சொன்னார்.

“கோவிக்காதீங்க மச்சான். இந்த வளவுக்குள்ளதான் எனக்குக் கண் தெரியும். அங்க போனா நான் குருடி.”

இதற்குமேல் ஒரு மனிதன் என்ன பேசுவது? ஒரு வருடம் இப்படியே போனது. நான் களைத்துவிட்டேன். அந்தக் களைப்பையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

எண்பதாம் வருடம் தை மாதம், ஒரு புதன்கிழமை. நிந்தவூரில், பிறந்த பிள்ளை ஒன்றுக்கு நாற்பதாம் நாள் விருந்து. வீட்டுப் பெண்கள் எல்லோரையும் காலையிலேயே காரில் அனுப்பினேன். அவர்கள் போனதும் பக்கீர் வந்து கட்டை உடைத்தான். ஒரு கல் மிஞ்சாமல் அள்ளி, கிணற்றடியைக் கூட்டிவிடச் சொன்னேன். அதற்குத் தனிக்கூலியும் கொடுத்தேன்.

“பலகை ஒண்டு போட்டு மூடட்டா காக்கா? கண் தெரியாத மனிசி இரிக்கிற வீடு.”

“தேவல்ல. மண் ட்ரக்டர் இப்ப வந்திரும். மதினிக்கிட்ட நான் சொல்லுறன்.”

ட்ரக்டரைச் சனிக்கிழமைக்குத்தான் பேசியிருந்தேன். பக்கீர் என் சொல்லை நம்பித்தான் போனான். அவன் யாரிடமும் பிழை பொறுக்கக் கேட்கத் தேவையில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நிந்தவூருக்குப் போய் மதினியை மட்டும் கூட்டிவந்தேன். சனத்துக்குள் நெடுநேரம் இருப்பது அவருக்கு ஒத்துவராது. வழி நெடுக எனக்காக துஆச் செய்துகொண்டு வந்தார். கையைப் பிடித்து அவருடைய அறையில் விட்டேன். அஸருக்குப் பாங்கு சொன்னது. “மதினி, வுழு எடுத்திட்டு வாங்க” என்றேன்.

தொழுகைக்கு முன் அவர் கை கால் கழுவுவது கிணற்றடியில்தான். அறை வாசலிலிருந்து கிணற்றுக் கட்டுக்குப் பதினொரு அடி. கையை நீட்டிக்கொண்டு நடப்பார், கட்டு கையில் பட்டதும் நிற்பார். மாரி ஓய்ந்த காலம். கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது.

சம்மதக் கடிதத்துக்குப் பதிலாக மரணச் சான்றிதழின் பிரதியை இணைத்தேன். அழகரெத்தினத்தின் தாளிலேயே குறைந்த செலவு அதுதான். பிளான் இரண்டு மாதத்தில் பாஸாகிவிட்டது. மூன்று பிள்ளைகளுக்கும் கல்வீடு எழுப்பிக் கட்டிக்கொடுத்துவிட்டேன். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான், மரைக்கார்: அனுமதி வந்த பிறகு கட்டை உடைத்திருக்க முடியாது. மதினி இருக்கும்வரை அனுமதி வந்திருக்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அன்று நான் பள்ளிக்குப் போகவில்லை. நடு அறையில் பாயை விரித்துத் தொழுகையில் நின்றேன். மதினி என்னைக் கூப்பிட்டார். “மச்சான்” என்று மூன்று தரம், அவ்வளவு சத்தமாகக்கூட இல்லை. நான்கு றக்அத்தையும் குறைவில்லாமல் முடித்து ஸலாம் கொடுத்த பிறகுதான் எழுந்தேன். கிணற்றை நோக்கிப் போகும் குருடரைத் தடுக்கத் தொழுகையை முறிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், ஓதப்போன காலத்தில் படித்த பாடம். ஆனால் மதினி கூப்பிட்ட நேரம் அவர் கிணற்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கவில்லை, மரைக்கார். உள்ளே இருந்தார்.