சேர்த்துவிட்டவன்

— கையை எடுக்காத மாப்ள. கறிக்கட்டை மேலயே இருக்கட்டும்.

— கயிறு அறுக்குது மாமா.

— ஆட்டைக் கட்டுற கயிறுதான். ஒரு ஆடும் இதுவரைக்கும் புகார் சொன்னதில்ல.

— கடைக்கு யாராவது வந்துடுவாங்க மாமா. பாத்தா என்ன நினைப்பாங்க?

— ஷட்டரை இறக்கிட்டேன். இன்னைக்குக் கறி கெடையாது. என் தம்பி பூச்சிமருந்தைக் குடிச்சிட்டு ஆஸ்பத்திரியில வாயில குழாயோட கெடக்கான், நான் இங்க நெஞ்சுக்கறி நிறுத்துக் குடுப்பேனா? சரி, விஷயத்துக்கு வா. நாளைக்கு அரசாங்க ஆபீஸ்ல, உன் கம்பெனி மாதிரி ஆளுக்கு ஆள் சேர்த்து மெஷினு விக்கிறவங்களுக்குப் போடப்போற புதுச் சட்டத்தைப் பத்தி ஜனங்ககிட்ட கருத்துக் கேக்குறாங்க. நீ என்ன பேசப் போற?

— சட்டம் வேண்டாம்னு. கம்பெனி அப்படித்தான் பேசச் சொல்லியிருக்கு.

— அந்தச் சட்டம் என்ன கேக்குது? உன் வாயால சொல்லு.

— ஆளைச் சேர்க்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே உண்மையை எழுதிக் கையில குடுக்கணுமாம். கம்பெனி மேல என்ன கேசு இருக்கு, எத்தனை பேரு விட்டுட்டு ஓடினாங்க, முன்னாடி சேர்ந்தவங்க எங்க இருக்காங்க, எல்லாம். அவங்ககிட்ட விசாரிச்சுட்டுச் சேரலாமாம்.

— இதுல உனக்கு எங்க குத்துது?

— நாமெல்லாம் ஒரே குடும்பம் மாமா. சொந்தக்காரன் சொந்தக்காரனுக்கு வழி காட்டுறதுக்கு நடுவுல காகிதம் எதுக்கு? கொஞ்சம் பாசிட்டிவா யோசிச்சீங்கன்னா...

— இந்தா, இது பாசிட்டிவ்!

— ஆ! மூக்கு... மாமா, ரத்தம்...

— அந்தப் பக்கம் திருப்பிக்க. கட்டையை இப்பதான் உப்புப் போட்டுத் தேய்ச்சேன். இப்ப சொல்லு. நீங்க தலையில கட்டின மெஷினு ஒண்ணுகூட விக்காம என் தம்பி வீடு பூரா அடுக்கி வச்சிட்டு உக்காந்திருந்தானே, உங்க ஆளுங்க யாராவது எட்டிப் பாத்தீங்களா?

— பாக்கக்கூடாது மாமா. எங்கள்ல அப்படி ஒரு வழக்கம். விக்க முடியாதவன் பேச்சை எடுக்க மாட்டோம், போனை எடுக்க மாட்டோம். தோத்தவன் மூச்சுக்காத்து மத்தவனுக்கும் ஒட்டிக்கும்பாங்க.

— நல்ல குடும்பம்டா! கேளு. அவனை நான்தான் சேர்த்தேன்னு ஆஸ்பத்திரி வாசல்ல என்கிட்ட ஒத்துக்கிட்டல்ல? அதையே நாளைக்கு அங்க எல்லாரும் கேக்கச் சொல்லணும். என்ன சொல்லிச் சேர்த்தே, எதை மறைச்சேன்னு. சொன்னா கயித்தை அவுக்கிறேன்.

— நான் போட்டுட்டு வந்த கோட்டு வாடகை, மேடையில காட்டின காரு வாடகை, அதையெல்லாம் சொல்லிடறேன். கம்பெனி மோசடின்னே சொல்றேன். அவனை யாரு சேர்த்ததுன்னு மட்டும் அங்க சொல்ல முடியாது.

— விரலு போயிடும் மாப்ள.

— வெட்டிக்கங்க.

— நான் விளையாடுறேன்னு நினைச்சியா?

— அம்மாஆ! ஐயோ... விரலு... என் விரலு...

— சுண்டுவிரல்தான். கோட்டுக்குப் பொத்தான் போட மிச்சம் போதும். இந்தா, துணி. அழுத்திப் புடி. அடுத்தது அதுக்குப் பக்கத்துல இருக்கறது. சொல்றியா?

— மாட்டேன்.

— கம்பெனிக்காரன் மேல அவ்வளவு விசுவாசமாடா நாயே?

— கம்பெனி நாசமாப் போகட்டும் மாமா...

— அப்புறம் யாருக்காகடா சாகுற?

— என்னங்க! ஷட்டரைத் திறங்க! நீங்க கேக்கறது, அவன் கத்தறது எல்லாம் தெரு வரைக்கும் கேக்குது, திறங்க!

— உன் அக்கா வந்துட்டா. ஏய், நீ வீட்டுக்குப் போ! உன் தம்பியை உசுரோடதான் அனுப்புவேன், முழுசா அனுப்ப மாட்டேன்.

— அவன் அங்க வந்து பேச முடியாதுங்க!

— அக்கா, வாயை மூடு! ஓடிப் போயிடு அக்கா!

— போதும்டா, எவ்வளவுதான் நீ தாங்குவ? ஏங்க, இவன் அங்க வந்து நான்தான் சேர்த்தேன்னு சொன்னா கம்பெனிக்காரன் அதே இடத்துல பொய்யின்னு காட்டிடுவான். யாரு யாரைச் சேர்த்தாங்கன்னு அவனுக்குத் தெரியும்.

— ஏன் பொய்யாகும்? உன் தம்பிதானே சேர்த்தான்?

— கத்தியைக் கீழ வைங்க. உங்க தம்பியையும் நான்தாங்க சேர்த்துவிட்டேன், என் தம்பியையும் நான்தான்.