முந்நூறு வருஷத்து ஜன்னல்

பாத்து, பாத்து... அதான் குனியச் சொன்னேனே. இடிச்சுக்கிட்டீங்களா? நல்லா தேய்ச்சு விட்டுக்குங்க, வீங்காது. போன தடவை வந்த அதிகாரி மூணாவது படியிலேயே இடிச்சுக்கிட்டாரு. நீங்க அஞ்சாவது வரைக்கும் வந்துட்டீங்க, உங்க இலாகா முன்னேறிக்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் ஏழு படிதான் பாக்கி.

மேல போறதுக்கு முன்னாடி இப்படியே படியில உக்காருங்களேன், ரெண்டு வார்த்தை பேசணும். ஆமா, மனு போட்டவ நான்தான். இது நாலாவது மனு. மாடியில தெருப்பக்கம் இருக்குற ஜன்னலை எடுத்துட்டு ஒரு கதவு வைக்கணும், வெளிய சின்னதா ஒரு லிஃப்ட் நிறுத்தணும், எங்க வீட்டுக்காரரைக் கீழ இறக்கணும். அவ்வளவுதான் கேட்டேன். மாளிகை கட்டணும்னா கேட்டேன்?

படியில இறக்கினா என்னவா? தோ, உங்க ரெண்டு தோளும் ரெண்டு சுவத்துலயும் உரசுது பாருங்க. இதுல ஆறடி ஆளை, ஒரு பக்கம் கை கால் விழுந்தவரை, எப்படித் திருப்பி இறக்குறது? போன வருஷம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பக்கத்து வீட்டு டிரைவரும் என் தம்பியும் போர்வையில சுத்தி, பீரோவை இறக்குற மாதிரி ஒவ்வொரு படியா சறுக்கி விட்டாங்க. கீழ வந்து சேர்றப்ப அவர் கண்ணுல தண்ணி. வலிக்குதான்னு கேட்டேன். இல்லடி, வெக்கமா இருக்குன்னாரு. அதுக்கப்புறம் இறங்கவே மாட்டேன்னுட்டாரு. வாரம் மூணு நாள் பயிற்சிக்குக் கூட்டிட்டு வந்தா காலுக்குப் பழையபடி தெம்பு வந்துடும், இந்த வருஷத்தை விட்டா கஷ்டம்னு டாக்டர் சொல்றாரு.

சட்டமெல்லாம் தெரியும் சார். உங்க ஆளுங்க அனுப்பின கடுதாசி மூணையும் பத்திரமா வச்சிருக்கேன். பாரம்பரியச் சின்னம், ஒரு ஆணியைக்கூட அசைக்கக் கூடாது. சரி. ஆத்துக்கு அந்தப் பக்கம் மேம்பாலம் போடுறதுக்காக அவ்வளவு பழைய பள்ளிக்கூடத்தை ரெண்டே நாள்ல தரைமட்டமாக்கினாங்களே, அது என்ன கணக்கு? ஓ, அது வளர்ச்சியா! நான் ஜன்னலைக் கழட்டினா மட்டும் நாகரிகமே அழிஞ்சு போயிடும். அந்தப் பக்கம் நாப்பது மாடிக்குக் கண்ணாடி லிஃப்ட் ஏறி இறங்குது. எனக்கு ஒரே ஒரு மாடி சார். அதுவும் இறங்கி ஏறினாப் போதும்.

இந்தப் பக்கத்தைக் காப்பாத்துறீங்க, இல்லைன்னு சொல்லல. தெரு பூரா ஒரே மஞ்சள் பெயிண்ட். பழைய காலத்து விளக்கு மாதிரியே புது விளக்கு. தண்ணிக் குழாயை மட்டும் நிஜமாவே பழைய காலத்துல விட்டுட்டீங்க. மாடியில துணி காயப்போட்டேன்னு எனக்கு நோட்டீஸ் வேற. அந்தக் காலத்துல யாரும் துணியே துவைக்கல போலிருக்கு. சுற்றுலாக் கூட்டத்தோட ஒரு வழிகாட்டிப் பொண்ணு வரும். அந்த ஜன்னல்ல கப்பல் வியாபாரியோட பொண்ணு காதலனுக்காகக் காத்திருந்தாளாம். காலையில பத்து மணிக்கு ஒரு தடவை காத்திருப்பா, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை. எல்லாரும் அண்ணாந்து படம் எடுப்பாங்க. அங்க உக்காந்திருக்குறது யாரு? எங்க வீட்டுக்காரர், பனியனோட! நல்லா இருக்குற கையை வேற ஆட்டுவாரு. அவர் படம் ஊர் உலகமெல்லாம் போயிருச்சு, அவராலதான் தெருவுக்கு வர முடியல. தினம் காலையில நான்தான் அவரை அங்க கொண்டுபோய் உக்கார வைக்கிறேன்.

கோவிச்சுக்காதீங்க. இப்படிக் கிண்டலாப் பேசலைன்னா நான் அழுதுடுவேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோமா? மேல கதவு திறந்திருக்கு, அவருக்குக் காது மட்டும் நல்லாவே கேக்கும். அந்த ஜன்னலுக்கு முந்நூறு வயசுன்னு உங்க நிபுணர் எழுதினாருல்ல? பன்னண்டு வருஷம் ஆச்சு. பெரிய மனுஷர், பூதக்கண்ணாடியெல்லாம் வச்சிருந்தாரு. ஏணியில ஏறி, சட்டத்தைத் தடவித் தடவிப் பாத்துட்டு, இப்படி ஒரு வேலைக்காரன் இனிமே பொறக்கப் போறதில்லன்னாரு. கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னது எங்க வீட்டுக்காரர். அந்த ஜன்னலைச் செஞ்சதும் அவர்தான்.

முழிக்காதீங்க. அவர் தச்சர், மனுவுலயே எழுதியிருக்கேனே. பழைய ஜன்னல் கரையான் அரிச்சுத் தெருவுல விழுந்துடுச்சு, நல்லவேளை கீழ யாரும் இல்ல. மூணு மாசம் மேல கூடத்துல உக்காந்து புதுசு செஞ்சாரு. எதிர் வீட்டு ஜன்னலைப் பாத்து அதே பூ, அதே கொடி. எங்கயோ இடிச்ச கட்டடத்து மரம். துருப்பிடிச்ச ஆணியை வினிகர்ல ஊறப்போட்டு அந்தத் தண்ணியைப் பூசினாரு, கருகருன்னு ஆயிடுச்சு. யாரையும் ஏமாத்த இல்ல சார், தெருவோட ஒட்டி இருக்கணுமேன்னு செஞ்சது. அடுத்த வருஷமே உங்க நிபுணர் வந்து நின்னா நாங்க என்ன பண்றது? நம்பலைன்னா கீழ்ச் சட்டத்துக்கு அடியில மெழுகைச் சுரண்டிப் பாருங்க. நட்சத்திரத் தலை ஸ்க்ரூ ஆறு இருக்கும். முனைக் கடையில நான்தான் வாங்கிட்டு வந்து குடுத்தேன்.

இத்தனை நாள் ஏன் சொல்லலையா? மனுஷன் வாயைத் திறக்க விட்டாத்தானே! முப்பது வருஷம் வேலை செஞ்சாரு. கதவு இறுக்குதுன்னு திட்டினவங்க உண்டு, அலமாரி இன்னும் வரலைன்னு திட்டினவங்க உண்டு. நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னதில்ல, நானும்தான் சொன்னதில்ல. முதல் தடவையா ஒருத்தர் மனசாரப் பாராட்டினாரு, அதுவும் என்னைக்கோ செத்துப்போன யாரையோ நெனச்சு. அன்னைக்குப் பூரா தனியாச் சிரிச்சுக்கிட்டே இருந்தாரு. போன மாசம்கூட, உண்மையச் சொல்லிடலாங்க, லிஃப்ட் வந்துடும்னு கெஞ்சினேன். நான் மேலயே கெடந்துட்டுப் போறேன், அது முந்நூறு வருஷமாவே இருக்கட்டும்னுட்டாரு.

எனக்கு ஜன்னல் வேணாம் சார், அவர்தான் வேணும். அதான் போட்டு உடைச்சுட்டேன். உங்க கோப்புல என்ன வேணா எழுதிக்குங்க.

ஆனா ஒரே ஒரு உதவி. மேல போனதும் அவர்கிட்ட இதைச் சொல்லிடாதீங்க. இப்படி ஒரு ஜன்னலை வெயில்லயும் மழையிலயும் விட மனசு வரல, மியூசியத்துக்கு எடுத்துட்டுப் போறோம், கண்ணாடிக்குள்ள வைக்கப் போறோம்னு சொல்லுங்க. அதைப் பாக்கவாவது இறங்கி வருவாரு.