நாலாயிரமாவது நாள்

ஐயா,

இந்த விசாரணை அறைக் கடிகாரம் மூன்று நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டது.

மீன் குளிர்க்கிடங்கின் கணக்கையும் அறைக் கதவுகளையும் இயக்கும் சர்வர் என் பொறுப்பு. பொருத்திய நாள் முதல் அதை ஒருமுறைகூட அணைத்ததில்லை. சம்பவத்தன்று மாலை ஐந்து பத்துக்கு நாலாயிரம் நாள் நிறைவு.

கெர்னல் எனப்படும் அதன் உட்பகுதியில் ஓர் ஓட்டை இருந்தது உண்மை. வரவேற்பறையில் உட்காரச் சொன்ன ஆள், யாரையும் கேட்காமல் முதலாளி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்ளக்கூடிய ஓட்டை. அதை அடைக்கும் திருத்தம் வந்து இரண்டு ஆண்டாகிறது. போட்டால் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்; செய்தால் நாள் எண்ணிக்கை பூஜ்யமாகிவிடும். ஆகவே பதிவேட்டில் 'போட்டாயிற்று' என்று எழுதி வைத்தேன்.

என் மனைவியின் தம்பி அங்கே இருப்பு எழுத்தர். நான் வாங்கிக்கொடுத்த வேலை. அன்று விடுமுறை, நாங்கள் இருவர் மட்டும். தன் சாதாரணக் கணக்கில் நுழைந்து, பத்து வரி தட்டி, சர்வருக்கே அதிபதியாகிக் காட்டினான்.

"பாத்தீங்களா அத்தான்? நானே இவ்ளோ பண்றேன்னா, கண்டவன் என்ன பண்ணமாட்டான்? சாப்பிட்டு வந்து நானே ரீஸ்டார்ட் பண்றேன்."

"அஞ்சு பத்து வரைக்கும் பொறுடா."

"எதுக்கு? கேக் வெட்டப்போறீங்களா?"

கேக் வாங்கி வைத்திருந்தேன். அவனுக்குத் தெரியாது.

மூன்றாம் குளிர் அறையில் பெட்டி எண்ணிக்கை உதைக்கிறது என்று அவனை அனுப்பி, சர்வர் வழியாகவே கதவைப் பூட்டினேன். மணி பதினொன்று நாற்பது. உள்ளே மைனஸ் பதினெட்டு. பத்து நிமிடத்தில் அவன் சூடு தணியும் என்று நினைத்தேன். தணிந்தது. ஆனால் கதவைத் திறக்கும் நிரல் சிக்கிக்கொண்டது. உட்புறக் கைப்பிடி ஏற்கெனவே பழுது. அது என் பிரிவு அல்ல.

இன்டர்காமில் கூப்பிட்டான். "அத்தான், ரீஸ்டார்ட் பண்ணுங்க. தொறந்துரும்." சரியாகத்தான் சொன்னான், நாற்பது வினாடி வேலை. காலையிலும் இதையேதான் கேட்டான் என்று நினைவூட்டினேன்.

"அக்காகிட்ட என்ன சொல்வீங்க?"

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன். இரண்டு மணிக்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. புரிந்துகொண்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

தீயணைப்புக்காரர்களை அழைத்திருக்கலாமே என்கிறீர்கள். வந்ததும் முதல் வேலையாக மின்சாரத்தைத்தான் துண்டிப்பார்கள்; சர்வரின் பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும்.

ஐந்து பத்துக்குக் கேக் வெட்டினேன். அவன் பங்கைத் தனியே எடுத்துவைத்தேன். ஐந்து பதினொன்றுக்கு உங்களுக்குப் போன் செய்தேன்.

கொன்றவன் நான்தான், மறுக்கவில்லை. ஒரே வேண்டுகோள். சாட்சியப் பொருளாகச் சர்வரை எடுத்துப் போகும்போது, பேட்டரியோடு சேர்த்தே தூக்கச் சொல்லுங்கள். ஓர் உயிர் போனது போதும்.