வேப்பங்கொத்து கட்டிய வார்டு

வேப்பமரம் இந்த ஊர் ஈரத்தில் லேசில் பிடிக்காது. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நின்ற மரத்தை நான்தான் வைத்து வளர்த்தேன். பல் துலக்கக் குச்சி கிடைக்கும் என்றுதான் வைத்தேன். அதற்கும் பிறகு நடந்ததற்கும் முடிச்சுப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் சிவசிதம்பரம். மலாயாவில் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிரெசர். வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மருந்து கொடுப்பது, புண் கட்டுவது, பிரசவம் பார்ப்பது எல்லாம் என் தலையில். ஜப்பான்காரன் வந்தபிறகு அந்தக் கையெழுத்தும் என்னுடையதாகிவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை. பொறுப்பு யாருடையது என்று கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

எனக்குக் கீழே ஒரே நர்ஸ், செல்லம். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள், அப்பன் பாலுக்கு மரம் வெட்டுகிறவன். தெர்மாமீட்டர் பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். காகிதம் கிடைக்காத காலம் என்பதால் ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் ஒரு சிலேட்டு தொங்கும். இன்னாருக்கு இன்ன நோய், காய்ச்சல் இவ்வளவு என்று காலையும் மாலையும் அதில் எழுதுவாள். கையெழுத்து கோணலாக இருந்தாலும் கணக்கு சுத்தமாக இருக்கும். அதை நான் மறுக்கவில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டார்கள். முதல் லோரியில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. ஆகவே அடுத்த லோரி வருமுன் நல்ல காலுள்ளவன் எல்லாம் காட்டுக்குள் ஓடிவிட்டான். மிச்சம் இருந்தது வார்டில் மலேரியாவோடு கிடந்தவர்கள்தான். ஆள் குறைந்தால் நீயும் ஏறு என்று ஜப்பான் அதிகாரி என்னிடம் சொல்லியிருந்தார். எனக்குப் பயமாக இருந்தது. பயப்படுவது குற்றமில்லையே.

லோரி வருவதற்கு முந்தின நாள் காலை செல்லத்தைக் கூப்பிட்டேன். "இந்தச் சிலேட்டெல்லாத்தையும் துடைச்சுப்போட்டு, சுகம் எண்டு எழுது" என்றேன்.

"சன்னாசிக்கு நூத்தி மூணுங்கய்யா. எந்திரிச்சு நிக்கக்கூட முடியல."

"எழுதத்தானே சொன்னனான். நிக்க வைக்கச் சொல்லேல்லையே."

அவள் துணியைக் கையில் எடுக்கவே இல்லை. "பாத்து எழுதுனதுங்கய்யா. எழுதுனத அழிக்க என் கை வராது. வேணும்னா நீங்களே அழிச்சுக்குங்க. வெள்ளைக்காரன் ஒருநாளு திரும்பி வருவான். கேட்டா, உள்ளத உள்ளபடி சொல்லிப்புடுவேன்."

கட்டிலில் கிடந்த சன்னாசி, "அப்படிச் சொல்லு தாயி" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எழுந்து நிற்க வக்கில்லாதவர்களுக்குச் சிரிக்க மட்டும் தெம்பு இருந்தது. எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்துவிட்டேன். நானே அழித்திருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். என் கையெழுத்து தோட்டம் முழுக்கத் தெரியும்.

மறுநாள் பார்த்தால் வார்டு வாசலில் வேப்பங்கொத்து கட்டியிருக்கிறது. என் மரத்துக் கொத்து. வாசற்படியில் மஞ்சள் தண்ணீர். செல்லம் கதவருகே நின்று, கூலிகளை மேய்க்கும் மண்டோர் ஆள் எண்ண வந்தபோது அவனிடம், "ஆத்தா வந்திருக்கா, உள்ள வராதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டினால் எங்கள் சனம் வாசலை மிதிக்காது. கட்டியதை அவிழ்க்கவும் யாருக்கும் துணிச்சல் வராது. மண்டோர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் ஒரு கொப்புளம் இல்லை. சிலேட்டுகளில் காய்ச்சல் கணக்கு அப்படியே இருந்தது. அதன் கீழே, எல்லாவற்றிலும், அம்மை என்று புதிதாக எழுதியிருந்தாள். கவனியுங்கள், எனக்காகப் பொய் எழுத மாட்டேன் என்றவள், தனக்கு வேண்டியபோது எழுதினாள்.

அதற்கு முந்தின மாதம் சிரம்பானில் டிரெசர்களுக்கு ஜப்பான்காரன் ஒரு கூட்டம் நடத்தினான். எங்கள் தோட்டத்திலிருந்து போனது நான் மட்டும். அம்மை கண்ட கொட்டகையைக் கொளுத்திவிட வேண்டும் என்பது அங்கே சொல்லப்பட்ட உத்தரவு. உள்ளே இருப்பவர்களை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இதெல்லாம் செல்லத்துக்குத் தெரியாது. என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றே நினைக்கிறேன்.

அவளிடம் போய், "நல்ல யோசனை, பிள்ளை" என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயந்துகிட்டு இருந்தேங்கய்யா" என்று கைகூப்பினாள். கொத்து வாடியிருந்தது. நானே மரத்தில் ஏறாத குறையாக எட்டி, புதிதாக ஒடித்துக் கொடுத்தேன். லயத்துப் பெண்கள் வாசற்படிக்கு எட்ட நின்று கூழ் வைத்துவிட்டுப் போனார்கள். சன்னாசியின் மனைவி லெட்சுமி எனக்கும் ஒரு சட்டி மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன்.

லோரி வந்தது மத்தியானத்தில். அதிகாரி வாசலைப் பார்த்து, இது என்ன இலை என்று கேட்டார். அவர்கள் பாஷை நிப்பொங்கோ கொஞ்சம் படித்திருந்தேன். அம்மை என்றேன். உனக்கு நிச்சயமா என்றார். நர்ஸ் பார்த்து எழுதியிருக்கிறாள் என்றேன். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. அம்மை வார்டில் கிடப்பவர்களைத் தோட்டம் தரவேண்டிய ஆள் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள், குறை என்று வராது, ஆகவே என்னை லோரியில் ஏற்றவில்லை. அதை நான் முன்பே யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன்.

லெட்சுமி உங்களிடம் சொன்னதெல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். மருந்து அறைப் பூட்டை சிப்பாய்கள் என்னிடமிருந்து பிடுங்கியதாக அவள் சொல்லியிருக்கிறாள். அவள் நல்ல மனசுக்காரி. யாரும் பிடுங்கவில்லை. கதவுக்குப் பூட்டு உண்டா என்று அதிகாரி கேட்டார். மருந்து அறைக்குப் போய்ப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்தேன். செல்லம் உள்ளே நோயாளிகளோடு இருந்தாள். பூட்டியதும் நான்தான். சிப்பாய்க்குத் தொற்றிவிடக் கூடாதல்லவா.

சிப்பாய்கள் தீ வைத்தார்கள். அத்தாப்பு ஓலைக் கூரை. வெயில் காலம் வேறு. உள்ளே இருந்தவர்கள் கதவை இடித்தார்கள். செல்லத்தின் குரல் மற்ற எல்லாக் குரலுக்கும் மேலே கேட்டது. "டிரெசர் ஐயா, அம்மை இல்லைன்னு சொல்லுங்கய்யா. நான் பொய் சொன்னேன்னு சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமேய்யா."

என்ன சொல்கிறாள் என்று அதிகாரி என்னைப் பார்த்தார். காய்ச்சல் முற்றிப் பிதற்றுகிறாள் என்றேன்.

எனக்கு அவள்மேல் கோபம் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் அது தப்பு. வெள்ளைக்காரன் திரும்பி வருவான் என்று அவள் சொன்னதை நான் மனதில் வைக்கவே இல்லை. வந்துவிட்டீர்கள், அது வேறு விஷயம். நான் எப்போதும் பதிவை மதிக்கிற ஆள்.

கூரை விழுமுன் அவள் கடைசியாகச் சொன்னதும் எனக்கு நன்றாகக் கேட்டது. "ஐயா, சிலேட்ட அழிச்சுடுறேன். நீங்க சொன்ன மாதிரியே சுகம்னு எழுதிடுறேன். கதவத் தொறங்கய்யா."

சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. திறந்திருக்கலாம். ஆனால் எழுதியதை அழிக்கக் கூடாது என்று எனக்குச் சொன்னவளே அவள்தானே.