இத்தனை பிராணிகள் எதற்கு

என் கடையில் எழுபது சட்டங்களுக்கு மேல் வைப்பதில்லை, சார். மூக்குக் கண்ணாடிச் சட்டங்களைச் சொல்கிறேன். எதிர்க்கடையில் சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே போகிறவர் மாட்டி மாட்டிப் பார்த்துத் தலை சுற்றி, வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்து, நேராக என் கடைக்குள் நுழைவார். நான் மூன்றை எடுத்து மேசைமேல் வைப்பேன். ஒன்றைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போவார். மனுஷ மனசுக்கு ஓர் அளவு இருக்கிறது. அதற்கு மேல் கொட்டினால் அது தாராளம் இல்லை, தொந்தரவு.

என் தம்பியின் விளையாட்டைப் பற்றியும் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உள்ளங்கையில் அடங்குகிற கருவி அது. அதன் திரையில் காடு மேடெல்லாம் அலைந்து விநோதப் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்க வேண்டும். முதல் பாகம் வந்தபோது தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அம்மா அந்த வருஷம்தான் போனாள். அப்பா அதற்கு முன்பே வேறு குடும்பம் பார்த்துக்கொண்டார். கடையும் அவனும் என் தலையில். அப்போது பிராணிகள் நூற்றுச் சொச்சம்தான். கடையைச் சாத்திவிட்டு மாடிக்கு வந்தால் என் தோளில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகக் காட்டுவான். எல்லாப் பெயரும் எனக்கே மனப்பாடம். அந்த அளவு சரியான அளவு. ஒரு அக்காவும் ஒரு தம்பியும் சேர்ந்து வைத்துக்கொள்ளக்கூடிய அளவு.

அப்புறம் பாகத்துக்குப் பாகம் புதிதாகச் சேர்த்தார்கள். ஆயிரத்தைத் தாண்டியது. வரைகிறவர்களுக்குச் சரக்குத் தீர்ந்துபோனது அப்பட்டமாகத் தெரிந்தது. துடைப்பத்துக்கு இரண்டு கண் வைத்துப் பிராணி என்றார்கள். கதவுக் குமிழுக்கு வாய் வைத்தார்கள்.

"இதெல்லாம் ஒரு பிராணியாடா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்லாதக்கா. இது ரொம்பப் பயந்த சுபாவம். யாராவது திருகிடுவாங்களோன்னு எப்பவும் பயம்," என்றான்.

அவனுக்கு எதையும் வெறுக்கத் தெரியாது. கெட்டிக்காரன்தான். கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை முழுக்க அவன்தான் பார்த்தான். ஆனால் எதையும் வேண்டாம் என்று ஒதுக்கத் தெரியாது. அதற்கு நான் இருந்தேன்.

எண்ணிக்கை ஏறியதில் நடந்த விபரீதம் என்னவென்றால், எல்லாவற்றையும் ஒருவர் தனியாகச் சேர்க்க முடியாமல் போய்விட்டது. சில பிராணிகள் இவன் வாங்கிய பதிப்பில் இருக்காது. வேறொருவரிடம் மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அந்தப் பெண் வந்தாள். பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்ப்பவள். பிராணி மாற்ற ஆரம்பித்து மோதிரம் மாற்றுவதில் வந்து நின்றார்கள். அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. இவனும் கிளம்புவதாகச் சொன்னான்.

"நீயும் வந்துடேன்க்கா," என்றான்.

"கடையை?"

"சாத்திடு. எவ்வளவு நாளைக்குத்தான் அடுத்தவங்க கண்ணையே பாத்துட்டிருப்ப?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபக்காரி இல்லை என்று எந்த வாடிக்கையாளரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கிளம்புகிற அன்று காலையில் பெட்டியோடு மாடிப்படியில் இறங்கும்போது விழுந்தான். தலையில் அடி. உயிர் தங்கியது, பேச்சு போய்விட்டது. எழுத்தும் போய்விட்டது. ஆமாம், இல்லை என்று தலையாட்டுவது கூடக் குழம்பிப் போனது. இடது கை மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்டது.

நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பீர்கள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. ஒவ்வொரு வாயும் ஊட்டிவிட்டேன், நகம் வெட்டினேன், கட்டிலைக் கடைக்குப் பின்னாலேயே போட்டு, ஆள் வராத நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அவை நல்ல மாதங்கள். அந்தப் பெண் வந்துபோய்க்கொண்டிருந்தாள். உங்களைப் பார்த்தாலே அவனுக்கு வலிப்பு வருகிறதம்மா என்று பக்குவமாகச் சொன்னேன். அழுதுகொண்டே போனவள் அப்புறம் வரவில்லை. வலிப்பு வந்ததில்லைதான். ஆனால் வந்திருக்கலாம் அல்லவா?

மருத்துவமனையிலிருந்து பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண்ணை அனுப்பினார்கள். சின்ன வயசு, துறுதுறுவென்று இருப்பாள். படம் போட்ட அட்டைகளைக் கொண்டுவந்தாள். தண்ணீர், போர்வை, கழிப்பறை, வலி. அவற்றைத் தொட்டுக் காட்டப் பழக்கினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. படுத்துக்கிடக்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒருநாள் அவள் அலமாரியில் அந்தக் கருவியைப் பார்த்துவிட்டாள். "அட, நானும் ஆடுவேனே," என்று அவன் கையில் கொடுத்தாள். அவன் சேர்த்தவை எல்லாம் அதில் வரிசையாக நின்றன. இடது கைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் போய், மேகம் போன்ற ஒன்றில் நிறுத்தி அவளைப் பார்த்தான். அப்புறம் ஜன்னலைப் பார்த்தான். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

அவள் துள்ளிக் குதித்தாள். "பேசறாருக்கா, உங்க தம்பி பேசறாரு. என் அட்டையில மழையே இல்ல. நல்லவேளை இதுல இத்தனை இருக்கு."

அதிலிருந்து தினமும் பேச்சுதான். சூப்பில் உப்பு இல்லை என்பதற்கு ஒன்று. என் பாட்டு சகிக்கவில்லை என்பதற்கு ஒன்று. காதில்லாத பிராணி அது, நானே சிரித்துவிட்டேன். ஒருநாள் உடம்பே பல்வரிசையான ஒன்றைக் காட்டி விசும்பினான். பயிற்சிக்காரிக்குப் புரியவில்லை. பல் வலிக்கிறது போலிருக்கிறது என்றேன்.

மறுவாரம் முதுகெல்லாம் படிக்கட்டாக இருக்கிற ஆமையைக் காட்டினான். அடுத்து, உடம்பைவிடப் பெரிய இரண்டு உள்ளங்கை உள்ள ஒன்று. மறுபடி ஆமை. மறுபடி கைகள்.

"படி... கை... என்னக்கா சொல்ல வர்றாரு?"

"கையைப் பிடிச்சுக்கிட்டுப் படி ஏறணும்ங்கறான். பாவம், ஆசை."

அவள் கண் கலங்கிவிட்டது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று அவள் போனதும் கருவியை எடுத்தேன். பிராணியை வெளியே அனுப்ப 'விடுவி' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், நிச்சயமாகவா, திரும்ப வராது என்று கேட்கும். மரியாதையான ஏற்பாடு. ஆமையை விடுவித்தேன். கைகளை விடுவித்தேன். பல்வரிசையை விடுவித்தேன். அத்தோடு நிறுத்தத்தான் நினைத்தேன்.

ஆனால் மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள். ஆமை இல்லையென்றால் உருளும் பாறையைக் காட்டினான். பாறையை அனுப்பினால் இறக்கை ஒடிந்த வண்டைக் காட்டினான். ஆயிரம் இருந்தால் ஒரு விஷயத்தைச் சொல்ல ஆயிரம் வழி. நான் ஆரம்பத்திலிருந்து சொன்ன குறை இதுதான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினேன். திருட்டுத்தனமாக இல்லை, அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுக்குக் காட்டியே செய்தேன். தோளில் சாய்த்துக்கொள்வேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும் சார், தலையில் அடிபட்டவர்களுக்குக் காரணமில்லாமலே வழிவதுண்டு. துடைத்துவிட்டு அடுத்ததை அழுத்துவேன். பயிற்சிக்காரியிடம் கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றேன்.

கடைசியில் ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன். சிறகை விரித்துக் குஞ்சுகளை அணைத்துக்கொண்டிருக்கிற ஒரு பறவை. அது நான்தான் என்று எனக்குப் பட்டது. அதை அழுத்தினால் நான் வருவேன். பசித்தாலும், குளிர்ந்தாலும், நான்தானே வர வேண்டும்? நாள் முழுக்க அதையே அழுத்தினான். ஒவ்வொரு தடவையும் போய் நின்றேன். எங்கள் வீட்டில் அவ்வளவு அன்னியோன்னியம் வெகுகாலமாக இருந்ததில்லை.

பயிற்சிக்காரி ஒருநாள் சொல்லாமல் வந்தாள். நான் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னறையில் அவள் குரல் கேட்டது.

"மத்ததெல்லாம் எங்க போச்சு? யாரு அனுப்பினா?"

பறவையின் கூவல் கேட்டது. அழுத்தினால் அது கூவும்.

பிறகு, மெதுவாக, "அன்னிக்கு ஆமையும் கையும் காட்டினீங்களே. அது யாரோட கை?"

பறவை கூவியது.

எதிரே இருந்தவரிடம், முன்னது தெளிவா, இது தெளிவா என்று கேட்டேன். இது தெளிவு என்றார்.

அவள் அந்தப் பறவையைப் பற்றி உங்களிடம் என்னவோ சொன்னாளாம். குஞ்சுகள் பறந்துவிடாமல் இருக்க அவற்றின் சிறகைக் கொத்தி ஒடித்துவிடும் என்று விளையாட்டிலேயே விளக்கம் போட்டிருக்கிறதாம். நான் படித்ததில்லை. எழுத்து பொடிப் பொடியாக இருக்கும். படத்தில் அது அணைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

நீங்கள் கேட்பது நேரான கேள்வி, நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆமாம், தள்ளினேன். அவன் மேலிருந்து மூன்றாவது படியில் இருந்தான். வலது கையில் பெட்டி. வரேன்க்கா என்று திரும்பிப் பார்த்தான். இரண்டு கையையும் அவன் நெஞ்சில் வைத்தேன். கால் சுளுக்கும், பயணம் தள்ளிப்போகும் என்றுதான் கணக்கு. கீழே விழுந்து கிடந்தவனைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்கு உடனே சொல்லவில்லை. முதலில் பெட்டியை மேலே கொண்டுபோய், துணிகளை எடுத்து அலமாரியில் அடுக்கினேன். அதுவும் உண்மை. எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் பல் செட் பெண் அவனைக் கூட்டிப்போயிருக்கிறாள் என்கிறீர்கள். தன் கருவியிலிருந்த எல்லாப் பிராணிகளையும் அவனுக்குக் கொடுத்துவிட்டாளாம். விடாமல் எதையாவது காட்டிப் பேசிக்கொண்டே இருக்கிறானாம், சிரிக்கிறானாம், அந்தப் பறவையை மட்டும் ஒரு தடவைகூடத் தொடவில்லையாம்.

கோபமாக இருக்கிறான், சார். கோபம் வந்தால் என்னோடு பேசாமல் இருப்பது அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். பசித்தால் தானாக வருவான்.