ஆற்றைக் கடந்தவர்களுக்குப் பெயர் வைத்தவர்

தலைமை வகிக்கும் ராயப்பராஜ் வாத்தியார் அவர்களே, மண்டபம் கொள்ளாமல் மலைக்கோட்டை உச்சி வரைக்கும் நிற்கும் முப்பத்தேழு பேரே, வணக்கம். நான் இப்போது சொல்லப்போவதை உங்களில் ஒருவர்கூட நம்பமாட்டீர்கள். இது சத்தியம்.

படவிளக்கச் சக்கரவர்த்தி சூசைமாணிக்கம் மறைந்து இன்று முப்பதாம் நாள். ஐம்பத்தாறாம் வருஷம் ஒரு பாதிரியார் விட்டுப்போன மெக்சிகோ தேசத்துப் படம் அவரிடம் இருந்தது. பிழைக்க வழியில்லாமல் ஆற்றைக் கடந்து, அயல்நாட்டுப் பருத்திக்காட்டுக்குப் போகும் ஜனங்களின் கதை. பட்டப்பகலில் இருட்டுக்காக இந்த ஜன்னல்களில் சாக்கைத் தொங்கவிட்டு எழுநூறு தடவை காட்டினார். அவர்கள் பேசிய ஸ்பானிய மொழி அவருக்குத் தெரியுமா? ஒரு சொல்கூடத் தெரியாது. திரையோரம் பிரம்போடு நின்று அத்தனையையும் தமிழில் சொன்னார். குடிதண்ணீர் கேட்டு அவர்கள் பருத்திக்காட்டில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, தோல் பதனிடும் நம் ஷாப்புத் தொழிலாளர்கள் மறுவாரமே வாசலில் உட்கார்ந்தார்கள். தண்ணீர்ப் பானை வந்த பிறகுதான் எழுந்தார்கள்.

ஒருநாள் படத்தின் நடுவே அகரத்து ஒச்சம்மாள் எழுந்து நின்றாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன தம்பி சுருளிவேலிடமிருந்து ஆறு வருஷமாகக் கடுதாசி இல்லை.

"அண்ணே, அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்கு எந்தம்பி பேர வைங்க. இருக்கானா இல்லையான்னே தெரியல."

"எல்லாம் முதுகாத்தானம்மா தெரியுது?"

"முதுகு போதும்ணே."

வரிசையின் கடைசியில் மூட்டை சுமந்து போனவனைப் பிரம்பால் தொட்டு, "இந்தா போறான் சுருளிவேலு" என்றார். அதன்பின் கண்டி, மலாயா, ரங்கூன் என்று போனவர்களின் பெயர்களை ஊரே கொண்டுவந்தது. நடந்தவர்கள் நாற்பது பேர். பெயர் பெற்றவர்கள் நாலாயிரம். பெயர் கூடக் கூட அந்த வரிசை நீண்டது. படம் முடிந்தால் தரையில் ஈரக் காலடிகள். நானே துடைத்திருக்கிறேன்.

அவரை அடக்கம் செய்த மறு ஞாயிறு படத்தை ஓட்டினோம். அவருடைய பிரம்பு ஒரு நாற்காலியில் கிடந்தது. ஆற்றங்கரை வந்தது. யாரும் பெயர் சொல்லவில்லை. அவர்களும் நடக்கவில்லை; தண்ணீருக்கு முன்னால் அப்படியே நின்றார்கள்.

"ஏலே சுருளி," என்று கூப்பிட்டாள் ஒச்சம்மாள்.

எழுநூறு தடவை திரும்பாத அந்த மூட்டைக்காரன் திரும்பினான். அவனுக்குப் பின்னால், வெறுங்கையோடு, நம் சூசைமாணிக்கம்.

அவர் கட்டிய சாக்கை நாம் அவிழ்ப்போமா? மாட்டோம். வரும் ஞாயிறு இதே மண்டபத்தில் படம். பெயர்களைக் கொண்டுவாருங்கள், பிரம்பை நான் பிடிக்கிறேன்.

வாத்தியார் சிரிக்கிறார். சரி, காலடி பொய். ஆற்றங்கரையில் அவர்கள் நின்றுபோனது பொய். எழுநூறும் நாலாயிரமும் பொய். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. ஒச்சம்மாளுக்கு நேற்று வந்த கடுதாசியை நான்தான் படித்துக் காட்டினேன்:

"அக்கா, போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், கொழுந்து மூட்டையோட போறப்ப நீ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பாத்தேன்."