பக்கத்திலிருந்து கருப்பாகத் தெரிந்த திரை

என் பெயர் கார்குழலி. வயது 23. தந்தை பெயர் வல்லரசு. வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய தனியார் கண்டெய்னர் யார்டு ஒன்றில் பதினான்கு மாதங்களாகக் கணினியில் வேலை செய்கிறேன். 19.06.2025 வியாழக்கிழமை அந்த யார்டில் நடந்த விபத்தில் இறந்துபோன அசோகன் என்பவரைப் பற்றி உதவி ஆய்வாளர் ஜெயஸ்ரீ அவர்கள் விசாரிக்க, நான் சொல்வது பின்வருமாறு.

யார்டில் கண்டெய்னர்கள் ஆறு வரிசைகளாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தூக்கி இறக்கும் பெரிய வண்டியை ஸ்டேக்கர் என்போம். எந்தப் பெட்டியை எடுக்க வேண்டும் என்று நான் கணினியில் போட்டால் அது ஸ்டேக்கர் ஓட்டுநருக்குப் போகும். ஸ்டேக்கர் ஓடும் வரிசை என் திரையில் சிவப்பாகவும் மற்றவை பச்சையாகவும் தெரியும். அசோகனுக்கு வயது 52. பெட்டிகளின் கதவில் போட்டிருக்கும் சீல் எண்களைச் சரிபார்ப்பது அவர் வேலை. அதற்கு வரிசைக்குள் நடந்து போக வேண்டும். போவதற்கு முன்னால் என் அறையின் பக்கவாட்டு ஜன்னல் வழியாகத் திரையைப் பார்ப்பார், சிவப்பு வரிசையை விட்டுவிட்டு வேறு வரிசைக்குப் போவார். மற்ற சீல்காரர்களும் அப்படியே செய்தார்கள். வாக்கி டாக்கியில் என்னைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது விதி. இருந்த நான்கில் இரண்டு வேலை செய்யவில்லை. எனக்கும் சத்தமாகப் பேச வராது. "கொயலி, நீ பேசறது உனுக்காவது கேக்குதா?" என்று அசோகன் என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டுக் கேலி செய்வார்.

மின்சாரம் போனால் அறையின் விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டரில் ஓடும். கணினிக்கு அந்த இணைப்பு இல்லை, அணைந்துவிடும். ஆர்டர் வராததால் ஸ்டேக்கரை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே என் திரை கருப்பாக இருந்தால் ஆறு வரிசையிலும் வண்டி நகராது என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். சீல்காரர்கள் அதற்காகவே காத்திருந்து, "கரண்ட் பூட்ச்சு, வாங்கபா" என்று ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய், மின்சாரம் வருவதற்குள் முப்பது நாற்பது சீல்கள் பார்த்துவிடுவார்கள்.

கடந்த பிப்ரவரி மாதம் மேலாளர் கருணாகரனுக்கு நான் ஒரு கடிதம் கொடுத்தேன். ஜன்னலில் ஆண்கள் கூடி நின்று உள்ளே பார்ப்பது கூச்சமாக இருக்கிறது, ஏதாவது மறைப்பு வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர்கள் பார்த்தது திரையை, என்னை அல்ல என்பது எழுதும்போதும் எனக்குத் தெரியும். அதன் பிறகு மார்ச் மாதம், வெளியாள் ஒருவர் ஜன்னல் வழியாகத் திரையைப் படம் எடுத்துவிட்டதாகப் புகார் வந்தது. அதன் பிறகு ஏப்ரலில், பக்கத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி திரையின் மேல் ஒரு கருப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினார்கள். அதில் எனக்கும் எழுத்து மங்கியது. மதிய வெயிலில் மூன்றும் எட்டும் ஒன்றுபோல இருந்தன. நான் வெளிச்சத்தை முழுவதுமாக ஏற்றி வைத்தேன். ஏற்றியதும் பக்கத்தில் நின்றவர்களுக்கும் சிவப்பு லேசாகத் தெரிந்தது. அதனால் யாருக்கும் சிரமம் இல்லாமல் இருந்தது. மேலாளர் அதைக் கவனித்துவிட்டு வேறு திரை வாங்கச் சொன்னார்.

18ஆம் தேதி புதன்கிழமை மாலை சுஹைப் என்ற மெக்கானிக் புதுத் திரையைப் பொருத்தினார். "அந்தத் தாளு மாதிரி இது வெளிச்சத்த முழுங்காதும்மா. பின்னாடி கீற லைட்டையே நேரா உன் மூஞ்சிக்கு அனுப்பும். பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் இருட்டு, உனுக்கு ஒரு சொட்டு கொறையாது" என்று சொன்னார். கல்லூரியில் படித்த ஒன்று கண்முன் வேலை செய்வதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் வெளியே போய் ஜன்னலோரம் நின்று பார்த்தேன். சுத்தமாகக் கருப்பாக இருந்தது. "அணைஞ்ச மாதிரியே இருக்கு" என்று நானே சொன்னேன். திரையின் கீழே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும். அதைத் தொடக் கூடாது என்று மேலாளர் சொன்னார். "ஆளுங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்" என்று சுஹைப் சொன்னதற்கு, காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்றார். காலையில் யாரும் சொல்லவில்லை. அறிவிப்பும் ஒட்டவில்லை.

19ஆம் தேதி காலை சீல்காரர்கள் மூன்று பேர் ஜன்னலுக்கு வந்து, "இன்னா டீச்சரம்மா, கரண்ட் இல்லியா?" என்று கேட்டார்கள். நான் எழுந்து போய், "இல்லண்ணா, கரண்ட் இருக்கு, திரையை மாத்திட்டாங்க" என்றேன். "அப்போ இனிமே ஜோசியம் பாத்துகினு உள்ள போவணுமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அசோகன் அன்று காலை வேலைக்கு வரவில்லை. மகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போயிருந்தார். மதியம் சுமார் 2.20 மணிக்கு என் ஜன்னலுக்கு வந்தார். கையில் இருந்த சான்றிதழ்க் கவரை மழை வந்தாலும் நனையாதபடி ஜன்னலின் உள்பக்கம் வைத்தார். அப்போது நான் லாரி ஓட்டுநர் ஒருவரின் கேட் பாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் வரிசை சிவப்பாக இருந்தது. அசோகன் குனிந்து திரையைப் பார்த்தார். அதன் பிறகு, "கரண்ட் இல்லியா கொயலி?" என்று கேட்டார். நான் "இல்லண்ணா" என்றேன். கரண்ட் இருக்கிறது என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது லாரி ஓட்டுநர் இன்னொரு காகிதத்தை நீட்டியதால் என் முகம் ஜன்னலை விட்டு அந்த ஓட்டுநர் பக்கம் திரும்பியிருந்தது. "செரி, நாலாவது லைன முட்ச்சிட்டு வந்துர்றேன்" என்று அசோகன் சொன்னது எனக்குக் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கும்போது அவர் ஜன்னலில் இல்லை. நான் ஓடவில்லை. பொத்தானையும் அழுத்தவில்லை. வாக்கி டாக்கியை எடுத்து, ஆள் வருவதாக ஸ்டேக்கர் ஓட்டுநருக்கு மெதுவாக இரண்டு முறை சொன்னேன். பதில் இல்லை.

அதன் பிறகு சில நிமிடங்களில் ஸ்டேக்கர் ஓட்டுநர் திருமுருகன், "ஆளு மாட்டிக்கினாருபா, அய்யோ, ஆளு கீறாருபா" என்று கத்திக்கொண்டு இறங்கி ஓடி வந்தார். நான் நான்காம் வரிசைக்குப் போனேன். பின்னோக்கி வந்த ஸ்டேக்கரின் சக்கரத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் அசோகன் கிடந்தார். சீல் எண் எழுதும் அட்டை பக்கத்தில் கிடந்தது. ஏழு எண்கள் எழுதியிருந்தார். எட்டாவது பாதியில் நின்றிருந்தது. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது, வழியிலேயே உயிர் போய்விட்டது என்றார்கள்.

சான்றிதழ்க் கவரை நான்தான் மருத்துவமனைக்கு எடுத்துப் போய் அவர் மனைவி பூவம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. "கேக்காம உள்ள பூட்டாருன்னு ஆபீஸ்ல சொல்றாங்கோ. பதினோரு வருசமா கேக்காம போவாத மனுசன், இன்னிக்கு மட்டும் எப்டிம்மா போவாரு?" என்று கேட்டார்.

மறுநாள் மேலாளர் கருணாகரன் தட்டச்சு செய்த தாள் ஒன்றைக் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். நான் எச்சரித்தும், திரையைப் பார்க்காமலும் அனுமதி கேட்காமலும் அசோகன் கவனக்குறைவாக உள்ளே சென்றார் என்று அதில் இருந்தது. "உன் பேருக்கும் ஒண்ணும் வராது. சின்னப் பொண்ணு, யோசிச்சுக்கோ" என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தத் தாளையும் பிப்ரவரியில் நான் எழுதிய கடிதத்தின் நகலையும் இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

இந்த வாக்குமூலத்தை உதவி ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். "மின்சாரம் இருப்பதாகச் சாட்சி தெரிவித்தும்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தது. அதை அடித்துவிட்டு, அசோகன் காதில் விழுந்த "இல்லண்ணா" என்ற என் சொல்லை அப்படியே எழுதும்படி கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, "இது உனக்கு எதிராவும் திரும்பும்மா, தெரியுதா?" என்றார். தெரியும் என்றேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவர் அடித்துத் திருத்தினார்.

அசோகன் திரையைப் பார்த்தார். என்னைக் கேட்டார். என் பதிலைக் கேட்டுக்கொண்டுதான் உள்ளே போனார். இவை யாவும் நான் கண்டதும் செய்ததும் செய்யத் தவறியதும் ஆகும். யாருடைய வற்புறுத்தலும் இன்றிச் சொன்னேன். திருத்திய இடத்தின் ஓரத்திலும் கீழேயும் கையெழுத்திட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
வ. கார்குழலி
23.06.2025